வடகரை மன்னன் இறங்கி வர மாட்டான்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சென்னையிலிருந்து கிரேசி மேடம் வந்து நாங்கள் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டை ஒரு மணி நேரம் ஆடிப் பார்ப்பார். அதற்குள் அதில் வருகிற வடகரை மன்னனோடு அவரால் சமாதானமாக இருக்க முடிந்தால், அவருடைய நிறுவனம் எங்கள் விளையாட்டை வெளியிடும். முடியாவிட்டால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் வேலை தேட வேண்டியதுதான். வியாழக்கிழமை காலை வரை எங்களில் ஒருவராலும் அது முடியவில்லை.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தூத்துக்குடியில் ஒரு மக்ரூன் கடையின் மாடி. நாள் முழுக்க முந்திரியும் சர்க்கரையும் வேகிற வாசனையில் உட்கார்ந்து நாங்கள் அந்தக் கால ராஜாக்களைச் சண்டை போட வைத்துக்கொண்டிருந்தோம். விளையாட்டு, பாண்டியர் காலத்துக் கொற்கையைப் பற்றியது. ஆடுகிறவர்தான் கொற்கைக்குத் தலைவர். முத்துக் குளிக்க வேண்டும், படகு கட்ட வேண்டும், ஊரைக் காப்பாற்ற வேண்டும். சுற்றியிருக்கிற மன்னர்களைக் கம்ப்யூட்டர் நடத்தும். அவர்களில் ஆற்றுக்கு வடக்கே இருக்கிறவன் வடகரை மன்னன். தன் தங்கையைக் கொற்கைத் தலைவனுக்குக் கட்டிக்கொடுத்து, நல்ல உறவாகத்தான் ஆட்டத்தைத் தொடங்குவான். பிறகு ஒருநாள் படை அனுப்பி முத்துப் படகுகளைக் கொளுத்துவான்.

ஆடிப் பார்த்த அத்தனை பேரும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள். அவனிடம் பேசவே முடியவில்லை. பொன் அனுப்பினால் கோபம் கூடுகிறது, யானை அனுப்பினால் இன்னும் கூடுகிறது. கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் மன்னர்களுக்குப் புத்தி எழுதுவது இந்த அலுவலகத்தில் என் வேலை.

"சரண்யா, அவன் எதுக்குக் கோவப்பட்டான்? அத மட்டும் சொல்லும்மா," என்றார் தேவதாசன் சார். நாசரேத்துக்காரர். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வேலையை விட்டுவிட்டு இந்த அலுவலகத்தைத் தொடங்கியவர். கடந்த ஒரு மாதத்தில் ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

நான் கடைசியாக நடந்த ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். "கொற்கை இளவரசன் கல்யாணத்துக்குத் தூதன் கையில ஓலை குடுத்து விட்டிருக்காங்க சார். நேர்ல போய் அழைக்கல."

"அதுக்காகவா படகையெல்லாம் கொளுத்துதான்?"

"அவன் தாய்மாமன் சார்!"

சார் என்னைப் பார்த்தார். "சரி. தப்புதான்னு பொன் அனுப்புதாங்க. அதுக்கு ஏன் கோவம் கூடுது?"

"அதையும் ஆள் வச்சுத்தான அனுப்புதாங்க. நேர்ல வராம பொன்னக் காட்டி மயக்கப் பாக்காங்கன்னு கூடும்."

"அப்ப எப்பதான் குறையும்?"

எழுதி வைத்ததைத் திறந்து தேடினேன். மன்னனின் மனத்தாங்கல் என்று ஒரு சிவப்புக் கோடு உண்டு. அது ஏறுவதற்கு விதவிதமாக வழி எழுதி வைத்திருந்தேன். இறங்குவதற்கு ஒன்று கூட எழுதியிருக்கவில்லை. மறந்துபோனது என்று சொல்லமாட்டேன். கோபம் இறங்குவதை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நான் பார்த்தது வெள்ளத்துரை மாமாவை. அம்மாவின் ஒரே அண்ணன், ஏரலில் வயலும் வாழையும் வைத்திருக்கிறவர். என் தம்பி லிங்கராஜ் கல்யாணத்துக்கு அம்மாதான் தாம்பூலத் தட்டோடு போய் அவரை அழைத்திருக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து அம்மா காலை ஒடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். லிங்கராஜ் பைக்கில் போனான், வீடு பூட்டியிருந்தது, பத்திரிகையை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு வந்துவிட்டான். மாமா கல்யாணத்துக்கு வரவில்லை. பிறகு பொங்கலுக்கு ஆள் மூலம் கரும்பும் பனங்கிழங்கும் கொடுத்துவிட்டோம். அதைத் திருப்பி அனுப்பியதோடு தூத்துக்குடிக்கு வந்தால் எங்கள் தெரு வழியாகப் போவதையும் நிறுத்திக்கொண்டார். நாலு வருஷமாகிறது. எனக்கு இந்த வேலை வந்தபோது, கோபக்கார ராஜாவுக்கு வேறு யாரைப் பார்த்து எழுதுவேன்?

"அந்தச் செவப்புக் கோட்ட அப்படியே கீழ இறக்கி வச்சிரு," என்றார் சார். செய்து பார்த்தேன். அதைவிடக் கேவலமாகப் போனது. மன்னன் ஒரு கூடை கருவாட்டுக்குக் கோட்டையை எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரித்தான். படம் வரைகிற ஜெயகணேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிப்பட்ட ராஜாவைக் கிரேசி மேடம் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்.

வேறு வழி தெரியாமல் மாடிப்படியில் நின்று மாமாவுக்குப் போன் போட்டேன். எடுத்தார். "மாமா, நான் சரண்யா. ஒரு கோவக்காரருக்குக் கோவம் போவணும்னா என்ன செய்யணும் மாமா?"

"இத போன்லயா கேப்பாவ?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில், சாயர்புரம் வழியாகப் போகிற ஏரல் பஸ்ஸில் ஏறினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சாரிடம் மட்டும் சொன்னேன். மத்தியானத்துக்குள் வந்துவிடு என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். பஸ்ஸோ நின்று நின்று போனது. வழியெல்லாம் போனில் நேரம் பார்த்தேன்.

மாமா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வாழைத்தாருக்குச் சருகு சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தார். "நீ மட்டுமா வந்த?"

"ஆமா மாமா."

மறுபடியும் சருகு சுற்ற ஆரம்பித்தார். நான் நின்றபடியே விளையாட்டைப் பற்றி, வடகரை மன்னனைப் பற்றி, நான்கு மணிக்கு வரப்போகிற ஆளைப் பற்றி எல்லாம் சொன்னேன். பத்திரிகை ஜன்னலில் செருகப்பட்டதைச் சொல்லவில்லை, ஓலை தூதன் கையில் போனதைச் சொன்னேன். அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"அந்த ராசா செஞ்சதுதான் சரி," என்றார். "படைய நிப்பாட்டாதன்னு சொல்லு."

"மாமா, எங்க ஆபீசே போயிரும்."

அவர் மறுபடி எட்டித் தெருமுனையைப் பார்த்தார். பஸ் வந்து நின்று போகிற இடம் அது. யாரும் வரவில்லை. சட்டென்று எழுந்து கத்த ஆரம்பித்தார். "நாலு வருசம் கழிச்சு மவள அனுப்புதாளா? அவளுக்குக் காலு இல்லியா? பொறந்த வீட்டுக்கு வழி மறந்து போச்சோ? என்னய என்னன்னு நெனைச்சா?" பக்கத்து வீட்டு ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். திட்டித் திட்டி அவருக்கே மூச்சு வாங்கியது. உட்கார்ந்தார். கையிலிருந்த சருகைக் கீழே போட்டார். பிறகு உள்ளே பார்த்து அத்தையிடம், "ஏளா, புள்ளைக்குச் சோறு போடு," என்றார்.

சாப்பிட்டேன். அவர் மறுபடி சருகு சுற்றப் போய்விட்டார். நான் கிளம்பும்போதும் தலையை நிமிர்த்தவில்லை.

திரும்புகிற வழியில், கொற்கைக்குப் பாதை பிரிகிற விலக்கு வந்தது. எங்கள் விளையாட்டில் அங்கே படகுகள் நிற்கும், இங்கே வாழை நிற்கிறது. அந்த வாழையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் வடகரை மன்னனின் தங்கை ஞாபகத்துக்கு வந்தாள். அவளைக் கொற்கைக்குக் கட்டிக்கொடுத்ததோடு விட்டுவிட்டோம். கல்யாணம் முடிந்த மறு நிமிடமே அவள் ஆட்டத்தில் கிடையாது. ஒரு பெயர் மட்டும் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். நடக்கமாட்டாள், பேசமாட்டாள். அண்ணனின் படை வருகிறது, அவள் எங்கே என்று எங்களில் ஒருவர் கூடக் கேட்கவில்லை. நானும்தான்.

அலுவலகத்துக்கு வந்ததும் அவளுக்குக் கால் கொடுத்தேன். ஜெயகணேஷ் அவசர அவசரமாக ஒரு பல்லக்கு வரைந்தான். அவள் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பாள், ஆடுகிறவர் சம்மதித்தால் போவாள். போய்ச் சேர்ந்ததும் கோடு முதலில் உச்சிக்கு ஏற வேண்டும் என்று எழுதினேன்.

"ஏறணுமா? இறங்கணும்னுதானம்மா பாடுபடுதோம்?" என்று சார் அலறினார்.

"ஏறாம இறங்காது சார்."

"இத ஒரு தடவையாவது ஆடிப் பாத்தியா?"

பார்க்க நேரமில்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது.

கிரேசி மேடம் சாத்தான்குளத்தில் பிறந்தவர். ஆனால் சென்னையில் பல வருஷம் இருந்து பேச்சே மாறியிருந்தது. உட்கார்ந்ததும் நிபந்தனையைச் சொன்னார். "நான் ஆடி முடிக்கிற வரைக்கும் நீங்க யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கடையில வாங்குறவங்களுக்குப் பக்கத்துல நீங்க இருக்கப் போறதில்லை."

நன்றாக ஆடினார். முத்து வந்தது, படகு கூடியது. இளவரசன் வளர்ந்தான். கல்யாணம் வந்தது. தூதன் கையில் ஓலையைக் கொடுத்து அனுப்பினார். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். கோடு ஏறியது. பொன் அனுப்பினார், இன்னும் ஏறியது. அவர் முகம் சுருங்கியது. தேவதாசன் சார் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணுவது தெரிந்தது.

திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது: அரசி பிறந்த வீட்டுக்குப் போக விரும்புகிறாள். மேடம் அதைப் படிக்கக்கூட இல்லை, மூடிவிட்டார். மறுபடி வந்தது. மறுபடி மூடினார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஐயோ, அவளை விடுங்களேன், அவளை மட்டும் விடுங்களேன் என்று உள்ளுக்குள் கதறினேன். வடகரைப் படை ஆற்றைத் தாண்டியது. முதல் படகு எரிந்தது.

"ஏலே, நில்லுலே! உனக்கு என்னதாம்லே வேணும்?" சாத்தான்குளம் வெளியே வந்துவிட்டது. அந்த வரி திரும்பவும் வந்தபோது, போய்த் தொலை என்பதுபோல் சரி என்று அழுத்தினார்.

பல்லக்கு ஊர்ந்தது. படை கொற்கையை நெருங்கியது. பல்லக்கு வடகரைக் கோட்டைக்குள் போனதும் சிவப்புக் கோடு விறுவிறுவென்று ஏறி உச்சியில் போய் முட்டியது. மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். ஆட்டத்தை மூடுகிற இடத்துக்குக் கை போனது. பேசக் கூடாது. பேசினால் எல்லாம் போச்சு. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நான் எழுதியதில் ஒரு எழுத்து தப்பியிருந்தாலும் அந்தக் கோடு அங்கேயே நின்றுவிடும்.

படை நின்றது. திரையில் வடகரை மன்னன் தன் ஆட்களிடம் சொன்னது வந்தது: தங்கைக்குச் சோறு போடுங்கள்.

கோடு கொஞ்சம் இறங்கியது. முழுதாக இல்லை, கொஞ்சம்தான். படை திரும்பி ஆற்றை நோக்கி நடந்தது.

மேடம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யாரு இத எழுதினது? எங்க பெரியப்பாவ உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். ஐந்து மணி ஆயிற்று, அவர் எழுந்திருக்கவில்லை. இளவரசனுக்குக் குழந்தை பிறந்தபோது, தூதனை விட்டுவிட்டு அரசியைத் தேடிப் பிடித்து அனுப்பினார். இருட்டத் தொடங்கியபோதுதான், "எடுத்துக்குறோம் சார்," என்றார். தேவதாசன் சார் கீழே ஓடிப்போய் மக்ரூன் டப்பாவோடு வந்தார். கண் கலங்கியிருந்தது.

நான் மாடிப்படிக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அலுவலகம் பிழைத்துவிட்டது என்று சொல்லத்தான் போட்டேன். ஆனால் வாயில் வேறு வந்தது.

"இன்னிக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேம்மா."

"யாரு போவச் சொன்னா உன்ன?" என்றாள்.

"உன்னயக் கேட்டாரும்மா. நீ மட்டுமா வந்தன்னு. நான் பேசிட்டு இருக்கும்போதே தெருவ எட்டி எட்டிப் பாத்தாரு."

"எட்டிப் பாத்தாவளாக்கும்? நான் காலொடிஞ்சு கெடந்தனே, அப்ப எட்டிப் பாத்தாவளா? ஊர்க்காரவ யாராவது சொல்லியிருக்க மாட்டாவளா? தங்கச்சி செத்தாளா இருக்காளான்னு கேக்கத் தோணலியே! பத்திரிகையப் பெருசா புடிச்சிக்கிட்டாவ..." அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். வழக்கமாக இந்த இடத்தில் நான், சரி விடும்மா, என்று சொல்லி வைத்துவிடுவேன். இன்று வைக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. கீழே கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மேடத்தின் கை அந்த மூடுகிற இடத்துக்குப் போனபோது மேஜை விளிம்பைப் பிடித்ததுபோல் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

கத்தி ஓய்ந்தாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நீ எந்த பஸ்ல போன?" என்றாள்.