ஆற்று அலை திக்கிய டெர்மினல்

“நீ கை வெச்சதாலதான் கெட்டுச்சு!”

“கை வைக்கலைன்னா உன் மெஷின் உயிரோடயே இருந்திருக்காது, தெரியும்ல?”

ரொசாரியோ நகர நூலகக் கூடத்தில், கணினிகளில் லினக்ஸ் போட்டுக்கொடுக்கும் சனிக்கிழமைக் கூட்டம். ஒதிலியா தன் முன்னாள் கணவன் ஃபெர்மினோடு மல்லுக்கு நின்றாள். பரானா ஆற்றின் நீர்மட்டத்தை டெர்மினல் என்னும் எழுத்துத் திரையில் எழுத்துகளாலேயே அலையடிக்க வைக்கும் நிரல் அவளுடையது. கால் மணி நேரத்தில் மீனவர் சங்கத்தார் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் துறைமுகத்தில் வைப்பார்கள். அலையோ திக்கித் திக்கி நகர்ந்தது.

“கிராஃபிக்ஸ் டிரைவர் பழசு. என்னை ஏன் கடிக்கிற?” என்ற ஃபெர்மின், மாத்தே தேநீர்க் குவளையை அவளைத் தாண்டி அடுத்தவருக்கு நீட்டினான்.

“நேத்தே புதுசு போட்டாச்சுய்யா! வேற டெர்மினல்ல நல்லா ஓடுது. இதுல மட்டும்தான் சண்டித்தனம்.”

அமைப்புக் கோப்பைத் திறந்தாள். டெர்மினல் ஜன்னல், பின்னாலிருக்கும் படம் மங்கலாகத் தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது. போன மாதக் கூட்டத்தில் எல்லார் கணினியிலும் ஃபெர்மின் தன் அமைப்புக் கோப்பையே நகலெடுத்துப் போட்டிருந்தான். ஒவ்வொரு அலைக்கும் அந்த மங்கலையும் சேர்த்து வரைந்து அவளுடைய பழைய கணினி மூச்சுத் திணறியது.

“அழகா இருக்குமேன்னு போட்டேன்,” என்றான்.

மங்கலாக்கும் அந்த ஒரு வரியை அழித்தாள். அலை சீராகப் புரண்டது. வாசலில் சங்கத்தாரின் பேச்சுக்குரல் கேட்டது.

“பதினோரு வருஷம் உன்கூட இருந்தேனே, ஃபெர்மின். ஒரு தடவையாவது என்னைக் கேட்டுட்டு எதையாவது மாத்தியிருக்கியா?”