கதவின் அடிவிளிம்பு

"பேச்சிராஜா, சார் ரூமுக்குள்ள இருக்காங்க. கதவு திறக்க மாட்டேங்கு. கூப்பிட்டா சத்தமே இல்ல" என்று ஜெயசெல்வி டீச்சர் போனில் சொன்னபோது, நான் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக் கூடத்துச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு செய்த ஆசாரி போனை எடுக்கவில்லையாம். கையிலிருந்த பட்டித் தகட்டோடு அப்படியே ஓடினேன். ஐந்து நாளாக விடாத கார்த்திகை மழை. அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்பது ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆடியில், டீச்சரும் அவர்கள் கணவர் ஜேசுதாசன் சாரும் புதிதாகக் கட்டிய அந்த வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் வார்னிஷ் அடித்தது நான்தான். முன்னும் பின்னும் மூன்று கோட்டிங். முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது. அடிவிளிம்புக்கும் அடிக்க வேண்டுமென்றால் கதவுகளைக் கீலிலிருந்து கழற்ற வேண்டும். அதற்கு ஆசாரி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குக் குருவானவர் வருகிறார் என்று ஒரே அவசரம். தரையைப் பார்த்திருக்கும் விளிம்பை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். கடற்கரை ஊரில் ஈரம் அந்த வழியாகத்தான் மரத்துக்குள் ஏறும். இருபது வருசமாக இந்த வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாதா என்ன? டீச்சர் கேட்கவும் செய்தார்கள். "அடியிலயும் அடிச்சாச்சு டீச்சர்" என்றேன், கூச்சமே இல்லாமல்.

நான் போனபோது பக்கத்து வீட்டு மெல்வின் கதவைத் தோளால் மோதிக்கொண்டிருந்தான். கதவு அதிர்ந்ததே தவிர நகரவில்லை.

"காலையில சுகருக்கு ஊசி போட்டாங்க. இன்னும் ஒண்ணும் சாப்பிடல" என்றார்கள் டீச்சர். உள்ளே சாரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"மெல்வின், தோளு வேண்டாம். கீழதான் பிடிச்சிருக்கு. நடுவுல மோதுனா இன்னும் இறுகும். விலகு."

குப்புறப் படுத்துத் தகட்டை இடுக்கில் விட்டேன். பூட்டுப் பக்கத்துக் கீழ்மூலையில், ஒரு சாண் உயரத்துக்குத் தகடு இறங்கவே இல்லை. மரம் அவ்வளவு ஊதியிருந்தது. எழுந்து, அந்த மூலையிலேயே குதிகாலால் மிதித்தேன். கர்த்தரோ சுடலைமாடனோ, அந்த நேரத்தில் யாரையெல்லாம் கூப்பிட்டேனோ தெரியாது. நாலாவது மிதியில் கதவு விட்டது.

ஜேசுதாசன் சார் கட்டிலுக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தார். சட்டை வேர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. டீச்சர் சீனியைக் குழைத்து அவருடைய ஈறில் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். மெல்வின் ஆட்டோ பிடிக்க ஓடினான். கொஞ்ச நேரம் கழித்துச் சார் கண்ணைத் திறந்து, "ஏன் எல்லாரும் இங்கன நிக்கிய?" என்றார்.

சாரைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு டீச்சர் என்னிடம் வந்தார்கள்.

"கீழதான் பிடிச்சிருக்குன்னு வந்த உடனே சொன்னீங்களே. எப்படித் தெரியும்?"

டீச்சர் பதிலுக்கு நிற்காமல், சார் சவரம் செய்யும் கண்ணாடியை எடுத்துவந்து, கதவுக்கு அடியில் தரையோடு தள்ளினார்கள். போன் வெளிச்சத்தைப் பிடித்தார்கள்.

"குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன். கண்ணாடியில், ஒரு சொட்டு வார்னிஷ் படாத மரம், ஊறிக் கறுத்திருந்தது.

"இந்த வீட்ல இன்னும் ஆறு கதவு இருக்கு, பேச்சிராஜா."

வெளியே காற்று சுழன்றது. வீட்டுக்குள் எங்கோ ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.