படகு துறையில்தான் நிற்கிறது

காது பரிசோதனை நிலையத்தில் அவள் வேலை செய்யும் அறைக்குள் வெளியிலிருந்து எந்தச் சத்தமும் வராது. கனத்த கதவை இழுத்து மூடிவிட்டால் செல்போன் சிக்னலும் வராது. அதனால் போனை வெளியே அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்காத சத்தத்துக்கும் கேட்டதாக அழுத்திவைப்பார்கள். எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்வதில் மனிதர்களுக்கு அப்படி ஓர் ஆசை. அவளுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். தன் வீட்டிலும் அதே கூத்துதான் நடக்கிறது என்பது மட்டும் ஏனோ உறைக்காது.

அவளுடைய அண்ணனுக்குப் பாய்மரப் படகுப் பைத்தியம். பைத்தியம் பிடித்தவனுக்கு வாய்த்த அண்ணியும் சளைத்தவள் இல்லை. பள்ளி விடுமுறை விட்டதும் மகள் பாப்பாவையும் தூக்கிப் போட்டுக்கொண்டு, கரை கண்ணில் படாத ஆழ்கடலுக்குப் பாயை விரித்துவிடுவார்கள். ஊரறிந்த இந்த விஷயம் ஒரே ஒருவருக்குத் தெரியாது. அது அம்மா.

அம்மாவுக்குப் போன வருஷம் இதயத்தில் ஆபரேஷன். அதிர்ச்சியான செய்தி எதையும் காதில் போடாதீர்கள் என்று டாக்டர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அண்ணனும் தங்கையும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அம்மாவின் கணக்கில் அண்ணனின் படகு ஓர் அழகான துறைமுகத்தில் கட்டிக்கிடக்கிறது. அவர்கள் அதில் படுத்துத் தூங்குகிறார்கள், கடைத்தெருவைச் சுற்றுகிறார்கள், அவ்வளவுதான். கயிற்றை அவிழ்ப்பதே இல்லை.

அண்ணன் அலட்சியக்காரன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மிதவைச் சட்டை, காற்றடைத்த உயிர்காப்புப் படகு, ஆபத்தென்றால் வானத்துக்குச் சிக்னல் அனுப்பும் கருவி, எல்லாம் வைத்திருந்தான். தினமும் காலையில் செயற்கைக்கோள் வழியாகத் தங்கைக்கு ஒரு செய்தி வரும்: எங்கே இருக்கிறோம், எல்லாரும் நலம். மதியத்துக்குள் அது வரவில்லையென்றால் அவள் உடனே கடலோர மீட்பு மையத்தைக் கூப்பிட வேண்டும். கிளம்பும்போது அதை அவள் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போனான்.

அந்தச் செய்தியை எடுத்து, கண்ணும் மூக்கும் வைத்து, துறைமுகச் செய்தியாக மாற்றி அம்மாவிடம் அவிழ்த்து விடுவது தங்கையின் பொறுப்பு. பாப்பா பலூன் வாங்கினாள். அண்ணி வெயிலில் கறுத்துவிட்டாள். அண்ணன் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு மற்றதோடு நிற்கிறான். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். பெற்ற தாயின் காதில் பூச்சுற்றுவதில் அவளுக்கு ஒரு கைப்பக்குவமே வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அன்று காலை செய்தி வரவில்லை. அம்மா தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

"பெரியவன் பேசினானா?"

"பேசினாம்மா. இப்பதான் எல்லாரும் எழுந்தாங்களாம். பாப்பா துறையில காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு மீன் பாத்துக்கிட்டிருக்கா."

வர வேண்டிய செய்தி எப்படியும் வந்துவிடும், முன்கூட்டியே சொன்னால் என்ன என்று நினைத்தாள். வேலைக்குப் போனால் அறை வாசலில் ஒரே கூட்டம். போனை அலமாரியில் போட்டுவிட்டுக் கதவை இழுத்து மூடினாள்.

மதியம் வெளியே வந்தபோது அண்ணனின் செய்தி இல்லை. தெரியாத எண் ஒன்றிலிருந்து மட்டும் திரும்பத் திரும்ப அழைப்பு வந்திருந்தது. லோன் வேண்டுமா என்று உயிரை எடுப்பவர்கள்தான் இப்படி விடாமல் கூப்பிடுவார்கள். வீடு அடுத்த தெரு. வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அதற்குள்ளும் வராவிட்டால் மீட்பு மையத்தைக் கூப்பிடலாம் என்று நடந்தாள்.  

அம்மா கதவைத் திறந்தபோதே முகமெல்லாம் பல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். குரலை வைத்தே ஆளை எடை போடுவேன் என்று பீற்றிக்கொள்வாள். இப்போதெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் போன் செய்தால் அவளுக்குக் கொண்டாட்டம்.

"இன்னிக்கு ஒருத்தனை ஓட ஓட விரட்டினேன் கேளு" என்றாள், தட்டை எடுத்து வைத்தபடி. "கடலோர மீட்பு மையமாம். உங்க மகனோட படகுல இருந்து ஆபத்து சிக்னல் வருது, படகு இப்ப கடல்லயா இருக்குன்னு கேக்கறான். பேரு, படகு நிறம் எல்லாம் கரெக்டா சொல்றான். எங்கதான் பிடிக்கிறாங்களோ!"

மகள் கழற்றிய செருப்பை ஒரு கையில் பிடித்தபடி நின்றாள். இன்னொரு கையில் போன். அதில் அந்தத் தெரியாத எண்.

"நீ என்னம்மா சொன்னே?"

"என்ன சொல்வேன்? படகு துறையில கட்டிக் கிடக்கு, காலைலதான் என் பொண்ணு பேசினா, பேத்தி உக்காந்து மீன் பாத்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன். நிச்சயமா தெரியுமாம்மான்னு திருப்பித் திருப்பிக் கேட்டான். என் பேத்தி மேல சத்தியமா தெரியும்னேன். ரொம்ப நன்றிம்மான்னு வச்சுட்டான். பணம்கூடக் கேக்கலை, பயந்துட்டான் போல."

 படகு வாங்கியபோது, ஆபரேஷனுக்கெல்லாம் முன்பு, அந்த ஆபத்து சிக்னல் கருவியைப் பதிவு செய்ய அண்ணன் கொடுத்த எண்கள் இரண்டு. முதலில் தங்கை. அவள் எடுக்காவிட்டால் அம்மா. அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டிய பொய்யை அத்தனை அக்கறையாகத் திட்டம் போட்டவர்கள் இதைக் கோட்டை விட்டுவிட்டார்கள்.

செருப்பு எங்கே விழுந்ததென்று தெரியாது. அந்த எண்ணை அழுத்தினாள்.  

"சொல்லுங்க மேடம்" என்றார் எதிர்முனையில் அதிகாரி. "உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டோம், எடுக்கலை. அப்புறம் உங்கம்மா எடுத்தாங்க. படகைக் கழுவும்போது இந்தக் கருவி தானா ஆன் ஆகறது அடிக்கடி நடக்கும். சிக்னல்ல இடமும் சரியா வரலை. அவங்க அவ்வளவு உறுதியா சொன்னதால விமானத்தை நிறுத்தி வச்சுட்டு, துறை துறையா ஆளை விட்டுத் தேடிக்கிட்டிருக்கோம்."

அம்மா எதிரே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால்கனிக்குப் போய்ப் பேசலாம். குளியலறைக்குள் போய்க் கிசுகிசுக்கலாம். இத்தனை நாள் அப்படித்தான் செய்தாள். இன்று கால் நகரவில்லை.

"துறையில தேடாதீங்க" என்றாள். "அவங்க கடல்ல இருக்காங்க. கிளம்பி ஒரு வாரம் ஆகுது. காலைல நான் பேசவே இல்லை. எங்கம்மாவுக்குத் தெரியாது. அவங்ககிட்ட நாங்க பொய் சொல்லியிருந்தோம்."

 எதிர்முனையிலிருந்து கேள்விகள் மளமளவென்று வந்தன. கடைசியாக எங்கே இருந்தார்கள்? முந்தைய நாள் செய்தியைத் தேடி எண்களைப் படித்தாள். எத்தனை பேர்? பெரியவர்கள் இருவர், குழந்தை ஒன்று. உயிர்காப்புப் படகு உண்டா? உண்டு. குழந்தைக்கு மிதவைச் சட்டை? உண்டு, மஞ்சள்.  அந்தச் சட்டையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

"விமானம் கிளம்பிடும் மேடம். போனை மட்டும் கையிலயே வச்சிருங்க."

அம்மா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். நெஞ்சைப் பிடிப்பாள், சாய்வாள், என்னவெல்லாமோ ஆகும் என்று இத்தனை நாள் பயந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவள் முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. அப்புறம் கேட்டாள்.

"அப்ப அந்த மீன்?"

"எந்த மீன்?"

"பாப்பா பாத்துக்கிட்டிருந்த மீன்."

"நானே இட்டுக்கட்டினதும்மா."

"பலூன்?"

"அதுவும்."

"அவன் செருப்பைத் தொலைச்சது? நான் பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லிச் சிரிச்சேனே?"

 மாத்திரை வேளை தவறிவிட்டது ஞாபகம் வந்து மகள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா வாங்கவில்லை.

"பாப்பா மேல சத்தியம் பண்ணினேன்டி" என்றாள் அம்மா. "காப்பாத்த வந்தவனை நானே என் வாயால திருப்பி அனுப்பிட்டேன். இன்னிக்கு எங்கிட்ட நெஜத்தைச் சொன்னது அவன் ஒருத்தன்தான். அவனைத்தான் நான் திருடன்னு நெனச்சேன்."

தட்டில் போட்ட சாப்பாடு காய்ந்தது. காது பரிசோதனை நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது, ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று. வர முடியாது என்று வைத்துவிட்டாள். ஜன்னல் வெயில் சுவரில் ஏறி, மங்கி, போய்விட்டது. விளக்கைப் போட இருவருக்கும் தோன்றவில்லை. அவள் வேண்டாத தெய்வம் இல்லை. அந்த அறைக்குள் நான் ஏன் போனேன், காலையில் ஏன் வாயைத் திறந்தேன் என்று ஒரே சிந்தனை செக்குமாடாகச் சுற்றியது.

போன் அடித்தபோது இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"கிடைச்சுட்டாங்க மேடம்" என்றார் அதிகாரி. "ஏதோ மிதக்குற பெரிய பொருள் மோதிப் படகு மூழ்கிடுச்சு. உயிர்காப்புப் படகுல இருந்தாங்க. அந்தப் பக்கம் போன சரக்குக் கப்பல் ஏத்திக்கிச்சு. மூணு பேரும் பத்திரம்."

அவள் போனை வைத்துவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "மூணு பேரும் பத்திரம்மா. கப்பல்ல ஏத்திட்டாங்க."

அம்மா அழவில்லை. மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணுக்குள் பார்த்தாள்.

"நெஜமாவா? இல்ல எனக்குச் சொல்றதா?"

"சத்தியமாம்மா!"

அம்மா மெல்லத் தலையை ஆட்டினாள். சரி என்ற ஆட்டல் இல்லை அது. காலையில் சொன்னபோதும் மகள் இதே கண்ணோடுதான் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது. நீளமான ஏதோ எண். அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் பெரிய எஞ்சின் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அண்ணனின் குரல், பல் கிட்டித்து, நடுங்கி, ஆனாலும் சிரிக்கப் பார்த்தது.

"அம்மா! சும்மாதாம்மா கூப்பிட்டேன். துறையிலதான் இருக்கோம். கொஞ்சம் சளி, அதான் குரல் இப்படி. பாப்பா தூங்கறா. நீ மாத்திரை போட்டியா?"

அவள் பாய்ந்து போனைப் பிடுங்கப் போனாள். அம்மா கையைக் காட்டித் தடுத்தாள்.

"பெரியவனே, அங்க வெளியாள் யாராவது பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க... ஏம்மா?"

"போனை அவங்ககிட்ட குடு."

"எதுக்கும்மா?"

"நீங்க மூணு பேரும் உசுரோட இருக்கீங்களான்னு கேக்கணும்."