அஞ்சு கிலோ நாதம்

போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பால்பாண்டி நான்தான். எண்பத்து நாலாம் வருஷம் ஏலக்காய் வியாபாரி உக்கிரபாண்டி, மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பாட்டுப் போட உசத்தியான ஆம்ப்ளிபயர் ஒன்று செய்யச் சொன்னார். மாப்பிள்ளை வீடு தேவாரம். அங்கே ஜப்பான் செட்டு இருக்கிறதாம். இது அதற்கு ஒருபடி மேலே இருக்க வேண்டுமாம்.

மூன்று மாதம் உழைத்தேன். டிரான்ஸ்பார்மருக்கு நானே கம்பி சுற்றினேன். வால்யூமை முழுக்கத் திருப்பி, பாட்டுப் போடாமல் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால் ஒரு பொட்டு இரைச்சல்கூடக் கேட்காது. என் ஆசை ஒன்றே ஒன்றுதான். ஊரின் பெரிய வீட்டில் அது உட்காரும்போது முகப்பில் என் பேர் இருக்க வேண்டும். பித்தளைத் தகட்டில் ‘பால்பாண்டி, போடி’ என்று வெட்டி வாங்கித் திருகி வைத்தேன்.

உக்கிரபாண்டி வந்தார். சுவிட்சைத் தொடவே இல்லை. ஒரு கையால் பெட்டியைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“என்ன அப்பு, பொக்குக் காயா இருக்கு?”

அவர் தொழில் அப்படி. ஒரு லிட்டர் காயை அளந்து நிறுத்துப் பார்ப்பார்கள். கனத்தால் முதல் தரம், இல்லாவிட்டால் உள்ளே விதையில்லாத பொக்கு. ஏலக்காய்க்கு அது நியாயம்தான். ஆனால் அவர் உலகத்தையே அப்படித்தான் மதிப்பார். அவரே நூறு கிலோ இருப்பதால் அதில் நம்பிக்கை அதிகம்.

பாட்டில்லாத நேரத்தில் சத்தமே வராததுதான் இதன் தரம் என்று பொறுமையாக விளக்கினேன்.

“சத்தம் வரலைங்கிறதப் போயி பெருமையா சொல்றியே அப்பு. நாளைக்கு வர்றேன். கனமில்லேன்னா மதுரையில வாங்கிக்கிறேன்.”

நேரே பழைய இரும்புக் கடைக்குப் போய் ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று வாங்கினேன். பெட்டிக்குள் அடியில் வைத்து, போல்ட்டுப் போட்டு முறுக்கினேன்.

மறுநாள் இரண்டு கையாலும் தூக்கினார். மூச்சு வாங்கியது. முகம் மலர்ந்தது. பிறகுதான் பாட்டுப் போடச் சொன்னார். பல்லவி முடிவதற்குள், எடைக்குத் தக்க நாதம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். என் பேர் தகட்டைப் பார்த்ததும் மட்டும் முகம் சுருங்கியது.

“உம் பேரு இருந்தா எவன் மதிப்பான்? அதக் கழட்டிட்டு ஜப்பான்னு போடு.”

கழற்றிவிட்டு ஜப்பான் என்று எழுதி ஒட்டினேன். அழுகை வந்தது, மறைத்துக்கொண்டேன். தகட்டை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத்தட்டைவிட அந்தப் பெட்டிதான் அதிகம் கைமாறியது. வந்தவர் எல்லாம் தூக்கிப் பார்த்தார்கள். பாட்டைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா பெரியகருப்பன் இரண்டு தரம் தூக்கிவிட்டு, வாட்டமாகப் போய் உட்கார்ந்தார்.

அடுத்த வாரமே அவர், அந்தப் பெட்டி என் கடையிலிருந்து போனதுதான் என்று விசாரித்துக்கொண்டு, தன் ஜப்பான் செட்டோடு ஜீப்பில் வந்து என் கடை முன்னால் இறங்கினார். சம்பந்தி வீட்டுச் செட்டைப் போல இது வரவில்லையாம், இலேசாக இருக்கிறதாம், ஏமாற்றிவிட்டார்களோ என்று சந்தேகமாம்.

மூடியைத் திறந்தேன். உள்ளே கோயில் மாதிரி இருந்தது. ஒவ்வொரு பற்றவைப்பும் ஒரே அளவில் மின்னியது. முகம் தெரியாத அந்த ஜப்பான்காரனைக் கும்பிடத் தோன்றியது. இதில் ஒரு குறையும் இல்லை, சம்பந்தி வீட்டில் கனப்பது வெறும் இரும்பு என்று உண்மையையே சொன்னேன்.

“தொழில் ரகசியத்தச் சொல்ல மாட்டேங்கிறீக. பரவால்ல அண்ணே. அதவிடக் கொஞ்சம் கூடுதலா வரும்படி செஞ்சு குடுங்க.”

இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன். பழைய இரும்புக் கடையில் இந்தத் தடவை பத்துக் கிலோ எடைக்கல்லாகக் கேட்டு வாங்கினேன். உள்ளே வைத்து முறுக்குவதற்கு முன்னால் மேசை டிராயரைத் திறந்தேன். அந்தப் பித்தளைத் தகட்டை எடுத்து, கல்லின் மேல் பதித்தேன். எந்த வேலைக்கு இந்த ஊரில் மதிப்போ, அதில்தானே என் பேர் இருக்க வேண்டும்.