விளக்கு எரியும் முன்னே

என் மகள் ஒடீலியாவின் அறைக்குள் உயிருள்ள எதையும் கொண்டுபோகக் கூடாது. பூ கூடாது, மண் கூடாது, தோல் உரிக்காத பழம் கூடாது. டர்லாக்கில் எங்கள் மாட்டுப் பண்ணையில் கன்றுகளோடு கட்டிப் புரண்டு வளர்ந்தவளை சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். அவளுடைய எலும்பு மஜ்ஜையை மருந்தால் அடியோடு அழித்துவிட்டு அண்ணனுடையதை ஏற்றியிருந்தார்கள். அது உடம்பில் பிடிக்கும்வரை சாதாரணச் சளிக் கிருமிகூட அவளைக் கொன்றுவிடும். என் கணவர் அர்மிந்து ஞாயிற்றுக்கிழமை வருவார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவர்மேல் தொழுவ வாடை போகாது. அந்தப் பயத்திலேயே கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அவள் விளையாடிய கணினி விளையாட்டை அனுப்பியது பள்ளிக்கூடத்து உயிரியல் டீச்சர். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர். அதற்குள் யூக்ளினா என்ற பச்சை நிற ஒற்றைச் செல் உயிர்கள். சுற்றிலும் நாலு விளக்குகள். இங்கே பொத்தானைத் தட்டினால் அங்கே விளக்கு எரியும். வெளிச்சம் உறைத்தால் அவை திரும்பி எதிர்ப்பக்கம் ஓடும். அப்படியே விரட்டித் திரையில் போட்ட கட்டத்துக்குள் சேர்க்க வேண்டும். கார்ட்டூன் இல்லை, அந்த நிமிடத்தில் அங்கே நிஜமாகவே நீந்துகிறவை. அதுதான் அதில் விசேஷம்.

இதெல்லாம் பாடம் என்றே ஒடீலியா நினைக்கவில்லை. கன்றுக்குட்டிகளை அடைக்கப் போவதாகச் சொல்லித்தான் தினமும் உட்காருவாள். சொன்ன பேச்சுக் கேட்காமல் ஓர் ஓரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு நொண்டி என்று பெயர் வைப்பாள். தினம் புதுச் சொட்டு, தினம் ஒரு புது நொண்டி. அவளைத் தொடுகிற எல்லோரும் கையுறை போட்டுத்தான் தொட்டோம், நான் உட்பட. அவள் அசைத்தால் அசைகிற உயிர் உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். அந்தப் பச்சைப் பூச்சிகளை நான் கும்பிடாத குறை.

ஒருநாள் நொண்டி முந்தின நாள் சுற்றிய அதே மூலையில் சுற்றியது. மறுநாளும் அங்கேயே. நடைக்கு வந்து பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன். வெண்டல் என்று ஒருவர் எடுத்தார். பூஞ்சை பிடித்து எல்லாம் செத்துப்போய்விட்டன, புதிதாக வளர்க்க மேலிடம் யோசிக்கிறது, பிள்ளைகள் ஏமாந்துபோகக் கூடாதே என்று பழைய பதிவை ஓடவிட்டிருக்கிறோம் என்றார். ஏமாற்றிவிட்டு, ஏமாந்துபோகக் கூடாதாம். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பிறகு, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள் என்று அதே ஆளிடம் கெஞ்சினேன்.

அந்த வாரமே டாக்டர் ஹால்வர்சன் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மஜ்ஜை பிடிக்கவில்லை. இன்னொரு தடவை ஏற்றினால் அவள் உடம்பு தாங்காது. இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அவளிடம் எப்போது சொல்வது என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். அர்மிந்து பால் கறக்கப் போய்விட்டார். நான் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

ரத்தத்தில் வெள்ளை அணு ஏறிவிட்டதா என்று காலையில் கேட்பாள். ஏறுது, ஏறுது என்பேன். மத்தியானம் கன்றுகளை அடைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கைதட்டுவேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றே நாள் போயிற்று.

ஒரு மத்தியானம் பாதி ஆட்டத்தில் கணினியைத் தள்ளி வைத்தாள்.

"அம்மா, இது பழைய படம்."

என்னடி உளறுகிறாய் என்று சிரித்தேன்.

"நான் வெளக்கப் போடறதுக்கு முன்னாடியே திரும்பிடுதும்மா. போன வாரமே கண்டுபிடிச்சிட்டேன்."

"தெரிஞ்சுமா விளையாடினே?"

"நீ ஆசையா பாத்துகிட்டிருந்தியே. எப்படி நிறுத்தறது?"

அவள் என் கையுறை விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணனோடது எனக்குப் பிடி..."

"எல்லாம் நல்லா ஆயிட்டு வருது கண்ணு."

"பாத்தியா, நீயும் அது மாதிரிதான். நான் கேட்டு முடிக்கக்கூட இல்ல, அதுக்குள்ள சிரிக்கறே. முகமூடி போட்டாலும் கண்ணுல தெரியுதும்மா."

திரையில் செத்துப்போன நொண்டி அதே மூலையில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அவளுக்கு மறுப்புச் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பிறகு கேட்டாள்: "அப்போ இனிமே யாரு உள்ள வந்தாலும் ஒண்ணுதானே?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்பாவ வரச் சொல்லு. தொழுவத்துலேர்ந்து நேரா வரச் சொல்லு, குளிக்க வேண்டாம்."

நான் கையுறையைக் கழற்றிவிட்டு அர்மிந்துவுக்குப் போன் செய்தேன்.