நாற்பது வேலைகள்

...மேல்கோட்டைக் கழற்றவே இல்லையே அவன், தீயணைப்பு நிலையக் கூடத்துக்குள் இவ்வளவு வெக்கையாக இருக்கிறது, வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்ட கையோடு இரண்டு ஹீட்டர்களையும் முடுக்கிவிட்டிருக்கிறார்கள், லாயல் கிழவர்கூடத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டாயிற்று, ஓரின் ஹால்வர்சன் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு கதவோரத்தில்... ஏன் கதவோரம்? எப்போதும் முன்வரிசைக்காரன் ஆயிற்றே. தட்டில் வாங்கிய பான்கேக்கை அவன் தொடவும் இல்லை, பாகு ஊறிச் சொதசொதவென்று கிடக்கிறது. நார்பர்ட் கூல் மைக்கைச் சரிசெய்யும் சாக்கில் இன்னொரு முறை அந்தப் பக்கம் பார்த்தார். ஓரின் சிரித்தான். அந்தச் சிரிப்பும் சரியில்லை, கேட்காமலே வந்த சிரிப்பு. மார்லிஸ் சொல்வது போலத்தானோ, ‘நீ சட்டமன்றத்துக்குப் போனதுலேருந்து எவன் சிரிச்சாலும் அவன் பல்லை எண்ணிக்கிட்டு நிக்கிற’ என்று? மனைவி சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் எண்ணாமல் விட்ட இடத்திலெல்லாம் அடிபட்டிருக்கிறாரே... சரி, பேச்சைத் தொடங்கு, ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, மார்ச் மாதப் பனிச்சேற்றை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், தலைநகரில் தங்களுக்காக என்ன கிழித்தாய் என்று கேட்க.

பள்ளிக்கூடத்துக்குப் பணம், ஏரிச் சாலைக்குப் பாலம், சின்னக் கடைகளுக்கு உரிமக் கட்டணம் குறைப்பு, வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது, மூன்று தேர்தல் பார்த்த வாய், அதற்கு மனம் தேவையில்லை, மனம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது, நேற்று மாலை ஓரினின் ஜன்னல் தொழிற்சாலையைக் கடக்கும்போது பின்முற்றத்தில் கண்ட அந்த வெளிமாநில லாரிக்குப் பக்கத்தில், அங்கே இரண்டு பேர் அளவு நாடாவை இழுத்துப் பிடித்து மரம் அறுக்கும் இயந்திரத்தை அளந்துகொண்டிருந்தார்கள். ஓரின் சொன்ன விரிவாக்கம் என்றால் நிலத்தை அளப்பார்கள், இயந்திரத்தை எதற்கு அளப்பார்கள்? புதுக் கட்டடத்தில் எங்கே வைப்பது என்று பார்க்கவோ? இருக்கலாம். கதவு வழியே வெளியே போகுமா என்று பார்க்கவோ? அதுவும் இருக்கலாம். “வரியைக் குறைச்சேன் குறைச்சேன்னு சொல்றியே நார்பர்ட், என் வீட்டுக்கு வர்ற வரிச் சீட்டுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லலையா?” என்று லாயல் கேட்க, கூடம் சிரித்தது, நார்பர்ட்டும் சிரித்தார், “உங்க வீட்டோட மதிப்பு ஏறியிருக்கு லாயல், சந்தோஷப்படுங்க,” “மதிப்பு ஏறுச்சா? போன வாரம்தான் கூரை ஒரு பக்கமா இறங்குச்சு!” மறுபடி சிரிப்பு, கரண்டிச் சத்தம். ஓரின் மட்டும் கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி வேலைகள் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறார்கள். நாற்பது வேலைகள், தொழிற்சாலையைப் பெரிதாக்கித் தருவதாக ஓரின் சொன்னவை... அதற்காக அவனுக்கு வரிச்சலுகை வாங்கித்தர எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பார், பணக்காரனுக்குப் படியளக்கிறாய் என்று சொந்தக் கட்சிக்காரனே சொன்னபோதுகூட ‘ஓரின் எங்க ஊர் ஆள், வார்த்தை மாறமாட்டான்’ என்று சபையில் எழுந்து நின்று சொன்னாரே, அது பதிவாகியும் இருக்குமே. வியாழக்கிழமை தொலைபேசியில் கேட்டதற்கு ‘எல்லாம் நல்லாத்தான் போகுது’ என்றான். போகுது என்றான். எங்கே போகுது? வாய்வரை வந்த நாற்பதை விழுங்கிவிட்டு நார்பர்ட் மான் வேட்டை அனுமதிக்குத் தாவினார். தாவியது யாருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைத்தார்.

ரோண்டா எழுந்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை பார்க்கிற ரோண்டா பீல்கே, வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள், கண்ணெல்லாம் சிவப்பு. “நார்பர்ட், ஜன்னல் கம்பெனி பத்தி ஒண்ணுமே சொல்லலையே? எனக்கு இடம் உண்டுன்னு ஓரின் சொல்லிட்டாரு. திங்கக்கிழமை இந்த வேலைய விடறதா சொல்லப்போறேன். விடலாம்தானே?” எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாள். நார்பர்ட் கதவோரம் பார்த்தார். “ஓரினே இங்க இருக்காரே, அவரே சொல்லட்டுமே.” எல்லாத் தலைகளும் திரும்பின. ஓரின் தொண்டையைச் செருமிக்கொண்டான். “நார்பர்ட் சொன்னா நான் சொன்ன மாதிரிதான்.”

இது என்ன பதில்? ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, நாளைக்கு எது நடந்தாலும் சொன்னவன் நார்பர்ட் என்றாகிவிடும்... வேலையை விட்டபின் இவள் முதியோர் இல்லத்துக்குத் திரும்பிப் போனால் அந்த இடம் காத்திருக்குமா? வேறு வேலைக்குப் பனியில் அடுத்த மாவட்டம் போக வேண்டும். ஒரு லாரியையும் ஒரு கோட்டையும் வைத்து ஒரு மனிதனை ஊர்முன் சந்தேகிக்கலாமா? வாய் இந்த முறை மனத்தைக் கேட்காமல் போகவில்லை. “பொறு ரோண்டா. கையெழுத்துப் போட்ட காகிதம் உன் கைக்கு வர்றவரைக்கும் விடாதே.”

கரண்டிச் சத்தம் நின்றது. “அப்போ வேலை இல்லைங்கிறியா?” என்றார் லாயல், இப்போது கேலி இல்லை. அப்படிச் சொல்லவில்லை என்று நார்பர்ட் சொன்னதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தபோது ஓரின் பக்கத்தில் வந்தான், மெதுவாகத்தான் பேசினான். “திங்கக்கிழமை கடன் விஷயமா பேங்க்காரங்க வர்றாங்க. ஊரே எங்க பின்னாடி நிக்குதுன்னு சொல்லித்தான் வரவழைச்சேன். இது அவங்க காதுக்குப் போகாதுன்னு நினைக்கிறியா?” “அப்ப அந்த லாரி?” “எந்த லாரி?” உடனே கேட்டானா, ஒரு மூச்சு தாமதித்தா? நார்பர்ட் கவனிப்பதற்குள் அவன் போய்விட்டான், கோபமா நடிப்பா என்று முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது...

ரோண்டா காகிதக் கோப்பையை நசுக்கிக் குப்பையில் போட்டாள். “நாலு வருஷமா ராத்திரி கண்முழிக்கிறேன். ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?” நான் உனக்காகத்தான், என்று தொடங்கினார், அவள் நிற்கவில்லை. யாரோ ஹீட்டரை அணைத்தார்கள். நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்தபடி நார்பர்ட் கணக்குப் போட்டார், தொழிற்சாலை போய்விட்டால் ரோண்டாவைக் காப்பாற்றியவர், அது போகாமல் இருந்து, இவர் பேச்சைக் கேட்டு வங்கிக்காரர்கள் பின்வாங்கினால், நாற்பது பேர் வாயில் மண் போட்டவர்... திங்கட்கிழமை நல்ல செய்தி வரவேண்டுமே என்று வேண்டிக்கொள்ளத்தான் பார்த்தார். அந்த வேண்டுதல் வரவில்லை, வேறொன்று வந்தது, தொழிற்சாலை மூடத்தான் போகிறது, மூடிவிட்டால் தேவலை, தன் பேச்சாவது பிழைக்கும் என்று உள்ளே ஒருவன் கைகூப்பி நிற்பதைக் கண்டு, மடக்கிய நாற்காலியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.