றோசம்மாவின் முறைநாள்

கொழும்பிலிருந்து வந்த உத்தியோகத்தருக்குத் தன் படத்தை மாட்ட வேறு இடம் அகப்படவில்லை. றோசம்மாவின் கரைவலை காய்ந்துகொண்டிருந்த கம்புகள்தான் அவர் கண்ணில் பட்டன. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் புருசனின் தம்பி மரியநேசன் ஓடிப்போய் வலையைச் சுருட்டி ஒரு பக்கம் தள்ளினான். பாதி வலை மணலில் விழுந்தது. அந்த இடத்தில் படம் ஏறியது. பூசை முடிந்து அந்தோனியார் கோவில் முற்றத்தால் கடற்கரைக்கு இறங்கிய சனம் முழுவதும் அதை அண்ணாந்து பார்த்தது. வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் ஒரு கோடு. இடப்பக்கத்தில் நிலத்தோடு ஊர்ந்து, நடுவில் எழும்பி, வலப்பக்க மூலையில் தாளைவிட்டே வெளியே போகப் பார்த்தது. றோசம்மா கோட்டைப் பார்க்கவில்லை. மணலில் கிடந்த வலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உத்தியோகத்தரின் பெயர் கதிர்காமநாதன். யாழ்ப்பாணத்து மனிதர், கொழும்பில் உல்லாசப் பயணக் கந்தோரில் உத்தியோகம். மடிப்புக் குலையாத வெள்ளைக் காற்சட்டை, நல்ல வாய்.

"இது உலகத்திலை ஊர் சுத்திப் பார்க்கப் போற சனத்தின்ரை கணக்கு," என்று கோட்டைத் தடியால் தொட்டுக் காட்டினார். "உலகச் சண்டை முடிஞ்ச கையோடை ஏறத் தொடங்கினது, இன்னும் இறங்கேல்லை. பத்து வருசத்திலை இரட்டிப்பாகும் எண்டு படிச்ச ஆக்கள் சொல்லினம். அதிலை கப்பலிலை வாறவை வேறை சாதி. கப்பலிலையே படுத்து, கப்பலிலையே சாப்பிட்டு, துறை துறையா இறங்கிப் பார்த்திட்டுப் போவினம். வாற வெள்ளிக்கிழமை ஒரு கப்பல் திருகோணமலையிலையிருந்து வடக்கை போகுது. போற வழியிலை உங்கட கரைக்கு வெளியிலை நிப்பாட்டச் சொல்லிக் கேட்டு ஒழுங்கு பண்ணியிருக்கிறன். அவைக்குப் பிடிச்சுதெண்டால் வருசா வருசம் வருவினம். பிறகு இறங்குதுறை வரும், தார் றோட்டு வரும், கரண்டு வரும்."

சனத்துக்கு வாயூறியது. மாரிக்காலத்தில் முல்லைத்தீவு ஆசுபத்திரிக்குப் போகிற வழியில், சேற்றில் புதைந்த வண்டிலுக்குள்ளேயே பிள்ளை பெற்ற பெண்கள் உள்ள ஊர் அது. அவர்களைக் குறை சொல்லி என்ன? ஆனால் அந்த றோட்டுக்காக ஊரே கையெழுத்து வைத்து மனுக் கொடுத்த காலத்தில் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காத கந்தோர்க்காரர், வெள்ளைக்காரர் வந்து கால் நனைத்துப் போவதற்கு என்றவுடன் படமும் தடியுமாக வந்து நிற்கிறாரே என்று றோசம்மாவுக்கு வயிறு எரிந்தது.

கதிர்காமநாதன் நிபந்தனைகளுக்கு வந்தார். அன்றைக்குக் கரையில் கருவாடு காயக்கூடாது, நாற்றம் ஆகாது. கப்பலிலிருந்து விருந்தாளிகளை ஏற்றிவரும் லோஞ்சு வந்து சேரும்வரை கடலில் ஒரு தோணியும் இறங்கக்கூடாது. வெறுங்கடலாக, வடிவாக இருக்கவேண்டும். அவர்கள் இறங்கிக் குடைக்குக் கீழே இருந்த பிறகு ஒரு கரைவலையை விட்டு, அம்பாப் பாட்டோடு இழுத்துக் காட்டவேண்டும்.

"வெள்ளிக்கிழமை ஆற்றை முறை?" என்று கேட்டார்.

எல்லாக் கண்ணும் றோசம்மாவின் பக்கம் திரும்பின.

அந்தக் கரையில் வலை எட்டு, வலை விடக்கூடிய கடல்துண்டு, பாடு என்பது, ஒன்றுதான். சோழகக் காற்றுப் பிறந்து கடல் படுக்கிற நேரம் கோவிலில் சீட்டுப்போட்டு முறை பிரிப்பார்கள். ஒரு நாள் ஒருவருக்கு. வலை நனைந்தால் அன்றைய முறை முடிந்தது. வலையின் மடியில் மீன் வந்ததா, வெறும் சொறிமுட்டை வந்ததா என்று கடல் கணக்குப் பார்ப்பதில்லை, ஊரும் பார்ப்பதில்லை. நனையாமலே பொழுது பட்டாலும் முறை போச்சுது. இரண்டு பேர் மனமொத்து நாளை மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மட்டும் தடையில்லை.

றோசம்மாவின் புருசன் சூசைப்பிள்ளை காய்ச்சலில் செத்த பிறகு, வலையை விற்றுவிடச் சொல்லாத ஆள் இல்லை. வலைக்குச் சொந்தக்காரியாய்ப் பொம்பிளைச் சம்மாட்டியை எங்கே கண்டது என்று பகிடி பண்ணினார்கள். அவள் கேட்கவில்லை. வலையைத் தானே இருந்து பொத்தினாள், ஆட்களைத் தானே சேர்த்தாள். ஆனால் போன இரண்டு முறையும் மடி வெறுமையாக வந்தது. கயிறு இழுக்கிறவர்களுக்குக் கிடைப்பது மீனில் பங்குதான். பங்கு இல்லாவிட்டால் அவர்கள் வீட்டுக் குசினியில் புகை இல்லை. இந்த முறையும் வெறுமையென்றால் மரியநேசனின் வலைக்குப் போய்விடுவோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். ஆள் இல்லாத வலையை என்ன செய்வது? அவள் இருக்கும்வரை சூசைப்பிள்ளையின் வலை என்று ஒன்று அந்தப் பாட்டில் இறங்குமா இல்லையா என்பது அந்த வெள்ளிக்கிழமையில்தான் கிடந்தது.

"ஐயா," என்றாள். "உங்கட கோட்டிலை எங்கட பாடு எவடத்திலை கிடக்குது?"

சனம் சிரித்தது. கதிர்காமநாதனும் சிரித்தார். "அம்மா, இது உலகக் கணக்கு," என்றார்.

"காட்டுறதுக்கு விட்டால் வலை நனைஞ்சிடும். என்ரை முறை போயிடும். வெய்யில் ஏறின பிறகு மீன் நிக்காது."

"ஒரு நாள்தானே, மச்சாள்," என்றான் மரியநேசன். "ஊருக்கு நல்லது வரேக்கை குறுக்கை நிக்காதேங்கோ."

"அப்ப நல்லது, தம்பி. சனிக்கிழமை உன்ரை முறைதானே. மாத்துவம். வெள்ளிக்கிழமை உன்ரை வலையை விட்டுக் காட்டு. சனிக்கிழமை நான் விடுறன்."

மரியநேசன் காலால் மணலைக் கிளறினான். "அதெப்பிடி? முறையெண்டால் முறைதானே."

ஒருவர்கூட அவனைப் பார்த்து, நீயும் ஊருக்காக ஒரு நாளை விடன் என்று சொல்லவில்லை. மற்ற ஆறு சம்மாட்டிமாரும் கடலை முதல்முதலாகக் காண்கிறவர்கள் மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள். ஊரின் நன்மைக்காகக் கொடுக்கவேண்டியது எப்போதும் கேட்க நாதியில்லாதவளின் நாள்தான். றோசம்மா குனிந்து மணலில் கிடந்த வலையைத் தூக்கி உதறத் தொடங்கினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கதிர்காமநாதன் படத்தைச் சுருட்டினார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கரை அடையாளம் தெரியாமல் துப்புரவாக இருந்தது. கருவாட்டுப் பரண்களைப் பிரித்து வாடிகளுக்குப் பின்னால் ஒளித்திருந்தார்கள். தென்னோலைத் தோரணம், மேசை, வெள்ளைத் துணி, இளநீர்க்குலை. பிள்ளைகளுக்குக் கோவிலில் முதல்நன்மை வாங்கியபோது உடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். கதிர்காமநாதன் முதல்நாளே திருகோணமலைக்குப் போய்க் கப்பலில் ஏறியிருந்தார். றோசம்மாவின் தோணி வலையை ஏற்றியபடி, கடலைத் தொடாமல் மணலில் நின்றது. இழுக்கிற ஆட்கள் அதைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள்.

மண்டாடி யோசெப் மட்டும் குந்தியிருக்கவில்லை. மீனைக் கண்டு சொல்லி வலையை வளைக்கிறவன் அவன்தான். சூசைப்பிள்ளையின் காலத்திலிருந்து இந்த வலையோடு நிற்கிறவன். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வடக்குப் பக்கம் நடந்தான், நின்றான், திரும்பி வந்தான்.

"பிள்ளை," என்றான் மெல்ல. "தண்ணி கறுக்குது. பாரை மீன். பெரிய கூட்டம்."

அவளும் கண்டாள். கரைக்கு அண்மையில், நீல நீருக்குள் ஒரு கருமை மெல்ல அசைந்துகொண்டு தெற்கே வந்தது. மேலே குருவிகள் விழுந்து விழுந்து எழும்பின. அதற்கும் அப்பால், அடிவானத்தில், வெள்ளையாகக் கப்பல் நின்றது. அங்கே இப்போதுதான் காலைச் சாப்பாடு நடக்கும் என்று நினைத்தாள். அவர்கள் பசியாறி, சட்டை மாற்றி, கண்ணாடி பார்த்து இறங்கி வரும்வரை இந்தப் பாரைக் கூட்டம் கைகட்டிக் காத்துக்கொண்டிருக்குமா?

மரியநேசன் வந்து முன்னால் நின்றான். "மச்சாள், வேண்டாம். சொல்லிப்போட்டன்."

அவளுக்கு வந்த கோபம் புதுக்கோபமல்ல. கம்பிலிருந்து வலையைத் தள்ளிய ஞாயிற்றுக்கிழமைக் கோபமும், அதற்கு முந்தின மூன்று வருசத்துப் பகிடியும் ஒன்றாகத் திரண்டு வந்தன.

"என்ரை முறைநாளிலை என்னை நில்லெண்டு சொல்ல நீ ஆர்?" என்றாள். "கப்பல்காரன் என்னைக் கேட்டவனே, நீ என்னைக் கேட்டனியே? யோசெப் அண்ணை, தள்ளச் சொல்லுங்கோ!"

ஆட்கள் அவளைப் பார்த்தார்கள், கருத்த தண்ணீரைப் பார்த்தார்கள், எழும்பினார்கள். தோணி இறங்கியது. ஒரு கயிற்று நுனி கரையில் நிற்க, யோசெப் கூட்டத்துக்கு வெளியால் அரைவட்டமாக வளைத்து, வலையைக் கொட்டிக்கொண்டே போய், மறு கயிற்றோடு தெற்கே கரையேறினான். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள். அம்பா தொடங்கியது. யாருக்கும் காட்டுவதற்காக அல்லாமல், வழக்கமாக இழுக்கும்போது வருவது போலவே வந்தது. கயிறு விறைத்தது. "பாரம், பிள்ளை, பாரம்!" என்று கத்தினான் யோசெப்.

வலை பாதிதூரம் வந்தபோதுதான் லோஞ்சின் சத்தம் கேட்டது. கப்பலில் இருந்து நேரே வலை கிடந்த இடத்துக்குத்தான் வந்தது. கயிறும் வலையுமாகப் பாடு முழுவதும் மறித்துக் கிடந்ததால், மிதப்புக் கட்டைகளுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. உள்ளே தொப்பியும் குடையுமாகச் சனம். முன்பக்க அணியத்தில் கதிர்காமநாதன் எழுந்து நின்று, ஊதுகுழல் போன்ற ஒன்றை வாயில் வைத்தார்.

"கயிறைத் தளர விடுங்கோ! அவைக்கு நேரமில்லை! இறங்காமல் திரும்பினால் இனி ஒரு கப்பலும் வராது! கயிறைத் தளர விடுங்கோ!"

கயிறு தளர்ந்தால் வலை படுத்துவிடும், பாரை முழுவதும் மேலால் போய்விடும். அது அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். தெரிந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பார். விருந்தாளிகளுக்கு ஒரு அவசரமும் இருந்ததாகத் தெரியவில்லை. வலைக்குள் பாரை துள்ளத் துள்ள, ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுந்து கையைத் தட்டினாள். அவசரம் முழுவதும் கதிர்காமநாதனின் வெள்ளைக் காற்சட்டைக்குள்தான் இருந்தது.

தோரணத்துக்குக் கீழே நின்ற சனம் கலைந்து தண்ணீரடிக்கு வந்தது. "விடு, றோசம்மா! றோட்டு போகப்போகுது!" என்று யாரோ கத்தினார்கள். வடக்குக் கயிற்றில் நின்ற இரண்டு பேர் தயங்கிக் கையை எடுத்தார்கள். கயிறு ஒரு முழம் கடலுக்குப் போனது. மரியநேசன் மேசையடிக்கு ஓடி, இளநீர் வெட்ட வைத்திருந்த கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அந்தக் கரையில் பெண்கள் கயிறு பிடிப்பதில்லை. சம்மாட்டி என்றாலும் றோசம்மா இதுவரை பிடித்ததில்லை. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கையை எடுத்தவன் ஒருவனின் இடுப்பிலிருந்த இழுவைப்பட்டியை உருவித் தன் இடுப்பில் கட்டினாள். அதன் நுனியைக் கயிற்றில் சுற்றி முடிந்தாள். குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்தாள். பட்டி வயிற்றை வெட்டியது. கயிறு நின்றது.

"இப்ப வெட்டு, தம்பி," என்றாள், அவனைத் திரும்பிப் பாராமல்.

லோஞ்சிலிருந்து குழல் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. தெற்குப் பக்கத்தில் யோசெப்பின் குரல் அம்பாவைத் திரும்ப எடுத்தது. தனிக்குரலாகத்தான் எடுத்தது. மரியநேசன் கத்தியோடு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவன் கைக்கும் அவள் இடுப்புக்கும் நடுவில், விறைத்து நின்ற கயிற்றிலிருந்து கடல்நீர் சொட்டியது. அலைக்கு மேலே மடியின் மிதப்புக்கட்டை தலையைக் காட்டியது, தாழ்ந்தது, இன்னும் கொஞ்சம் கரைக்குக் கிட்ட வந்து திரும்பக் காட்டியது.